வாயிலின் உள்ளும் புறமும்: இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளும் குடில்களும் பழைய ஒளிப்படங்களில்

1835ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தம் இல்லமாகிய லேக்காக் அபியின் தென்புறக் கூடத்துச் சாளரத்தைச் சிறியதொரு தாளில் ஒளியால் பதிவு செய்தார். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியிலுள்ள அம்மாளிகை 13ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடமாகத் தோன்றிப் பின்னர்ச் செல்வர் இல்லமாக மாறியது. இன்று எஞ்சியுள்ள ஒளிப்பட நெகட்டிவ்களுள் மிகப் பழையது அத்தாளே என்பர். அதில் படக்கருவி மாளிகைக்கு உள்ளே இருந்தது. சாளரத்தின் கண்ணாடிச் சில்லுகளை உருப்பெருக்கியின் துணையால் எண்ணிவிடலாம் என்று டால்பட் அதனருகே குறித்தும் வைத்தார்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1844இல், அதே பண்ணையின் புறமனை ஒன்றின் வாயிலை அவர் படம்பிடித்தார். 'இயற்கையின் எழுதுகோல்' என்ற அவருடைய புகழ்பெற்ற வெளியீட்டில் 'திறந்த கதவு' என்னும் தலைப்போடு இடம்பெற்ற படம் அது. நிலைக்கதவருகே ஒரு துடைப்பம் சாய்ந்து நிற்கிறது. சுவரில் ஒரு விளக்கு தொங்குகிறது. கதவுக்கு அப்பால் இருள். இம்முறை படக்கருவி வெளியே நின்றது. இப்படத்தின் முந்தைய வடிவமொன்றைத் துடைப்பத்தின் தனிமொழி என்று டால்பட்டின் தாயார் குறிப்பிட்டார். வேடிக்கையாகச் சொல்லப்பட்டதாயினும் கூர்மையான பெயர். துடைப்பம் பேசுகிறது, அதைப் பிடித்த கை படத்தில் இல்லை.

மாளிகைக்குள் கருவி நுழைவதும் எளியோர் வாயிலில் அது நின்றுவிடுவதும் டால்பட்டோடு முடிந்துவிடவில்லை. அடுத்த எழுபது ஆண்டுகளில் இங்கிலாந்து நாட்டுப்புறத்தைப் பதிவு செய்த ஒளிப்படங்களில் இவ்வேறுபாடு ஒரு மரபாகவே நிலைபெற்றது. அம்மரபு எதைக் காட்டிற்று, எதனைக் காட்டாது விடுத்தது என்பதைக் கெர்ட்ரூட் ஜீக்கில் 1904இல் வெளியிட்ட 'ஓல்டு வெஸ்ட் சர்ரே' என்னும் நூலை நடுவாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இப்படங்கள் இன்று பழங்கால வாழ்க்கைக்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. எதற்குச் சான்று என்ற வினா விடுபட்டுப்போகிறது.

ஆளில்லாத அறைகள்

1897ஆம் ஆண்டு சனவரியில் எட்வர்டு ஹட்சன் தொடங்கிய 'கன்ட்ரி லைஃப்' இதழ், நாட்டுப்புற மாளிகைகளை இதழ்தோறும் படங்களோடு அறிமுகப்படுத்தியது. சார்லஸ் லேத்தம் முதலிய ஒளிப்படக் கலைஞர்கள் பெரிய கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்கள் நுட்பத்தில் குறையற்றவை. முகப்பு, தோட்டம், மாடிப்படி, நூலகம், விருந்துக்கூடம் என்று பார்வையாளர் படிப்படியாக உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறார். ஆனால் அவ்வறைகளில் எவரும் இல்லை. அன்றாடப் புழக்கத்தின் தடயங்கள் நீக்கப்பட்டு, தேவைப்படும்போது நாற்காலி மேசைகளும் இடம் மாற்றப்பட்டுப் படம் எடுக்கப்பட்டது. கட்டடக்கலையின் தூய வடிவம் புலப்பட வேண்டும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

அக்காரணம் பொய்யன்று, முழுமையுமன்று. நிலக்கரி சுமந்தும் கணப்புச் சாம்பல் அள்ளியும் விளக்குத் துடைத்தும் அவ்வறைகளை வாழும் அறைகளாக வைத்திருந்த பணியாளர் கூட்டம், உரிமையாளரோடு சேர்ந்தே படத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. எனினும் இவ்விருவரின் மறைவும் ஒன்றன்று. உரிமையாளர் படத்தில் இல்லாவிடினும் தலைப்பில் இருக்கிறார். மாளிகையின் பெயரையடுத்து அது இன்ன பிரபுவின் இருக்கை என்ற குறிப்பு வந்துவிடுகிறது. பணியாளர் இரண்டிடத்தும் இல்லை.

இவ்விதழின் முற்பக்கங்களில் நிலம், வீடு விற்பனை விளம்பரங்கள் நிறைந்திருந்தமையும் எண்ணத்தக்கது. 1870களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கத் தானிய வரவால் இங்கிலாந்து வேளாண்மை நலிவுற்றது. 1894இல் நிதியமைச்சர் ஹார்கோர்ட் கொண்டுவந்த மரணவரி பழைய நிலக்குடும்பங்களின் சுமையைக் கூட்டியது. கைமாறும் வீடுகளுக்கு நகரத்துப் புதுச்செல்வர் வாங்குவோராக வந்தனர். ஆளில்லாத அறை, வரப்போகும் ஒருவருக்காகக் காத்திருக்கும் அறையாகவும் படிக்கப்பட இடமிருந்தது.

ஜீக்கிலின் சர்ரே

ஜீக்கில் 1843இல் இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே சர்ரே மாவட்டத்துப் பிராம்லிக்கு வந்தவர். ஓவியத்திலும் தையற்கலையிலும் தேர்ந்திருந்த அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை இருந்தது. 1891இல் கண் மருத்துவரின் அறிவுரைப்படி அந்நுண்பணிகளைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒளிப்படம் பழகத் தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் தோட்டக்கலை வல்லுநராக உலகறிந்த அவர், தாம் வளர்ந்த பகுதியின் குடில்களையும் அங்கிருந்த புழங்குபொருள்களையும் தாமே படம்பிடித்து 330 படங்களோடு அந்நூலை வெளியிட்டார்.

நூலின் மதிப்பைக் குறைத்துக் கூற இயலாது. மரச்சட்டங்களுக்கிடையே செங்கல் நிரப்பிய சுவர், மேல்தளத்துச் சுவரைப் போர்த்திய ஓடுகள், பெருத்த புகைபோக்கி, தாழ்ந்திறங்கும் கூரை ஆகியவற்றை உள்ளூர்ப் பொருளும் உள்ளூர்க் கைத்திறனும் கூடிய வடிவங்களாக அவர் கண்டார். கணப்பில் விறகு தாங்கும் இரும்புத் தாங்கிகள், கலம் தொங்கவிடும் கொக்கிகள், மெழுகுவத்தித் தண்டுகள், கோரைவிளக்குப் பிடிகள் எனப் பொருள்களை வகைப்படுத்திக் காட்டினார். கோரைவிளக்கைப் பற்றி அவர் தரும் செய்திகள் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. நீர்நிலையோரக் கோரைத்தண்டின் பச்சைத் தோலை உரித்து, உள்ளிருக்கும் வெண்சோறு முறியாமல் தாங்கும்படி ஒரு கீற்றுத் தோலை மட்டும் விட்டு, உலர்த்தி, உருகிய ஆட்டுக்கொழுப்பில் தோய்த்தெடுத்து, இரும்புப் பிடியில் சாய்த்துச் செருகி எரிப்பர். எரிய எரியத் தண்டை மேலே நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். மெழுகுவத்தி வாங்க இயலாதோர் வீட்டு இரவு எத்தகையது என்பது இதனால் புலனாகிறது. இத்தகைய செய்முறைகளை எழுதிவைத்தமையால் நூலாசிரியர் செய்த தொண்டு பெரிது.

இங்கு அகப்பொருள் இலக்கணத்தின் பாகுபாடு ஒன்று துணைசெய்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் பாடலுள் பயிலுமிடத்து ஒன்றினும் ஒன்று சிறந்து, உரிப்பொருளே தலைமை பெறும் என்பது தொல்காப்பியர் கொள்கை. சர்ரேக்குத் திணை கற்பிப்பது இங்கு நோக்கமன்று. அது வீண்முயற்சியாகவே முடியும். பொருள்களின் பட்டியல் எப்போது வாழ்க்கையாகிறது என்று கேட்பதற்கு இப்பாகுபாடு ஓர் அளவுகோலாகிறது என்பதே கருத்து.

அவ்வளவுகோலால் நோக்கின், 'ஓல்டு வெஸ்ட் சர்ரே' கருப்பொருளால் நிறைந்த நூல். படங்களில் பல பொருள்கள் தமக்குரிய இடத்தினின்று பெயர்க்கப்பட்டு, வெற்றுப் பின்னணியில் நல்ல வெளிச்சத்தில் நிற்கின்றன. கணப்பின் அருகே கருவி சென்ற படங்களிலும் கணப்பே பொருள், சமைப்பவர் அல்லர். மாந்தர் வருமிடம் பெரும்பாலும் வாயிற்படியும் வேலியோரமும் தோட்டப் பாதையுமாகும். நீண்ட மேலங்கி அணிந்த முதியவர், முக்காடிட்ட மூதாட்டி என அவர்கள் வீட்டின் பழமைக்கு ஒப்ப நிற்கிறார்கள். பெயர்கள் பெரும்பாலும் இல்லை. உடையும் வயதும் குறிக்கப்பட்டு, கூலியும் குடிவாடகையும் குறிக்கப்படாமற் போயின. முகமும் ஒரு புழங்குபொருளாகிவிடுகிறது.

முதியோரை ஜீக்கில் இழிவாக நோக்கினார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவர்களுடைய பேச்சு, மரியாதை, சிக்கனம் ஆகியவற்றை அவர் மதித்தே எழுதுகிறார். குறை அவருடைய அன்பில் இல்லை. அவர் கூறும் காரணத்தில் இருக்கிறது. பழம்பொருள்கள் மறைந்தமைக்கு அவர் அழுத்திக் காட்டும் முதன்மைக் காரணம், ஆலையில் செய்த மலிவுச் சரக்குகளும் அவற்றை விரும்பும் சுவைக்கேடுமாகும். குடிலில் வாழ்பவர் நல்லதை விட்டு அல்லதை வாங்கினார் என்றாகிறது.

அதே மண், வேறொரு கண்

இக்காரணத்தைச் சோதிப்பதற்கு அதே மேற்குச் சர்ரேயிலிருந்து மற்றொரு சான்று கிடைக்கிறது. ஃபார்னம் ஊரில் வண்டிப்பட்டறை நடத்திய ஜார்ஜ் ஸ்டர்ட், ஜார்ஜ் போர்ன் என்ற புனைபெயரில் 1901இல் 'பெட்டஸ்வொர்த் புத்தகம்', 1907இல் 'ஒரு சர்ரே உழைப்பாளியின் நினைவுகள்', 1912இல் 'சிற்றூரில் மாற்றம்' ஆகியவற்றை வெளியிட்டார். முதலிரு நூல்களின் நாயகர் அவருடைய தோட்டத்தில் வேலைசெய்த முதியவர். ஸ்டர்ட்டும் கூலி கொடுப்பவரே என்பதை மறத்தலாகாது. ஆயினும் அவர் எழுத்தில் முதியவர் வாயிலில் நிறுத்தப்படவில்லை. வேலை, மழை, நோயுற்ற மனைவி, குறையும் கண்பார்வை, கூலி எனப் பேச்சு நீண்டு செல்கிறது.

'சிற்றூரில் மாற்றம்' முன்வைக்கும் வாதம் தெளிவானது. 1861இல் அவ்வூரின் பொதுநிலம் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையானது. அதுவரை அப்புல்வெளியில் ஒரு மாட்டை மேய்க்கவும், கரம்பு மண்கட்டியை வெட்டி எரிக்கவும், முட்புதர் கொணர்ந்து ரொட்டியடுப்பை மூட்டவும் எளியோர்க்கு வழியிருந்தது. அவ்வழி அடைபட்டபின் எரிபொருள் முதல் உணவு வரை அனைத்தும் காசுக்கு வாங்க வேண்டியதாயிற்று. காசுக்காகக் கூலிவேலையைச் சார வேண்டியதாயிற்று. பழைய கைத்தொழிலறிவு பயனற்றுப்போனது இச்சார்பின் விளைவு என்பது ஸ்டர்ட் கருத்து.

இவ்வாதத்தை மனத்திற்கொண்டு ஜீக்கிலின் படங்களுக்குத் திரும்பினால் அவை வேறாகத் தெரிகின்றன. அகன்ற திறந்த கணப்பும் அதன் இரும்புத் தாங்கிகளும் விறகையும் மண்கட்டியையும் எரிப்பதற்கானவை. அவை இலவசமாகக் கிடைத்த நிலம் போனபின், இருப்புப்பாதை வழியே வந்த நிலக்கரிக்குச் சிறிய அடுப்பே சிக்கனம். தாங்கியை மூலையில் போட்டவர் சுவையை இழந்தவர் அல்லர். மேய்ச்சலையும் எரிபொருளையும் இழந்தவர். வெற்றுப் பின்னணியில் தனித்து நிற்கும் அவ்விரும்பு, தன்னைப் பயனற்றதாக்கிய வேலியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முதற்பொருளாகிய நிலம் பறிபோன செய்தி கருப்பொருளின் படத்தில் பதியவில்லை.

குடிலிலிருந்து மாளிகைக்கு

குடிற்படங்கள் வெறும் நினைவுப்பொருள்களாக இருந்துவிடவுமில்லை. 1889இல் ஜீக்கில் சந்தித்த இளங்கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ், அவரோடு குதிரைவண்டியில் சர்ரேயின் சிறுசாலைகளில் சுற்றிப் பழைய வீடுகளைப் பார்வையிட்டார். புதுதில்லியின் குடியரசுத்தலைவர் மாளிகையைப் பின்னாளில் வடிவமைத்தவர் இவரே. 1897இல் நிறைவுற்ற ஜீக்கிலின் மன்ஸ்டெட் வுட் இல்லத்தில் குடிலின் ஓடும் ஓக் மரச்சட்டமும் உயர்ந்த புகைபோக்கியும் இடம்பெற்றன. 1900இல் அவ்வில்லம் 'கன்ட்ரி லைஃப்' இதழில் வெளியாயிற்று. ஹட்சனும் தமக்கென ஓர் இல்லத்தை லட்யன்ஸிடமே அமைத்துக்கொண்டார். குடிலின் வடிவம் இவ்வாறு செல்வர் இல்லத்தின் அழகியலாக உயர்ந்தது. கேல்ஸ்வொர்தி டேவி எடுத்த படங்களோடு கென்ட், சசெக்ஸ் பகுதிக் குடில்களைப் பற்றி 1900இலும் சர்ரேக் குடில்களைப் பற்றி 1908இலும் பேட்ஸ்ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட நூல்களில் கட்டடக் கலைஞர்களே உரை எழுதினர். புதிதாகக் கட்டுவோர்க்கு அவை மாதிரி ஏடுகளாயின. வடிவம் மேலேறியது, அதில் வாழ்ந்தவர் ஏறவில்லை.

ஹெலன் ஆலிங்காமின் நீர்வண்ண ஓவியங்களோடு இப்படங்களை ஒப்பிடுவோர் உண்டு. சர்ரேயின் விட்லி அருகே வாழ்ந்து, 1886இல் சர்ரேக் குடில்களை இலண்டனில் காட்சிக்கு வைத்தவர் அவர். ஓவியம் அழகுபடுத்தும், ஒளிப்படம் உள்ளதைச் சொல்லும் என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஒளிப்படத்தில் சுவரின் விரிசலும் கூரையின் சரிவும் உண்மையே. ஆனால் அவ்விரிசலைச் சீர்செய்யும் கடமை யாருடையது என்பது படத்தில் விழாத செய்தி. பண்ணைக் குடில்கள் பல வேலையோடு பிணைந்தவை. வேலை போனால் வீடும் போகும். கூரை அழகாகச் சரிந்திருப்பது உரிமையாளர் செலவிட மறுத்ததனாலும் இருக்கலாம். பாசி படர்ந்த ஓட்டில் கவின் காணும் கண்ணுக்கு, உள்ளே ஒழுகுமிடம் தெரியாது.

இருள் என்னும் தடை

இவ்வாராய்ச்சிக்கு எதிராக நுட்பக் காரணம் ஒன்றைக் கூறலாம். குடிலின் சாளரம் சிறிது. உள்ளே ஒளி குறைவு. அக்காலத் தகடுகளுக்கு நெடுநேரம் வெளிச்சம் வேண்டும். ஆகவே மாந்தரை வெளியே நிறுத்துவது தவிர வேறு வழியில்லை. இது பெருமளவு உண்மை. ஆனால் மாளிகையின் வெளிச்சம் நிறைந்த அறைகளிலும் மாந்தர் இல்லை என்பதை இக்காரணம் விளக்காது. நுட்பம் குடிலின் வாயிலில் கருவியை நிறுத்தியது. யாரை, எக்கோலத்தில், எப்பெயரோடு அங்கே நிறுத்துவது என்பதை நுட்பம் தீர்மானிக்கவில்லை.

வேறு வகையிலும் செய்திருக்கக்கூடும் என்பதற்கு வேல்ஸ் நாட்டு ரெக்சம் அருகிலுள்ள எர்டிக் மாளிகை சான்று. அங்கு யார்க் குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தம் பணியாளர்களை ஓவியமாகத் தீட்டுவித்தனர். 1852இல் அவர்களை டாகுவேரியோடைப் படமாகவும் எடுப்பித்தனர். குழுவாக நிற்கும் பணியாளர் தத்தம் தொழிற்கருவியைக் கையில் ஏந்தியுள்ளனர். அவர்களைப் பற்றி எழுதப்பட்ட செய்யுள்களால் பெயர்களும் பணிகளும் நிலைத்தன. இதிலும் ஒரு மேலாண்மை உண்டு. பாடுபவர் எசமானர், பாடப்படுபவர் வேலையாள், நகைச்சுவையும் எசமானருடையது. ஆனாலும் துடைப்பத்தைப் பிடித்த கை இங்குப் படத்திற்குள் வந்துவிட்டது. பெயரும் வந்துவிட்டது. எர்டிக் விதிவிலக்கு, விதி எத்துணை வலியது என்பதையும் அதுவே காட்டுகிறது.

பெயர்களின் வரிசை

1974இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், ராய் ஸ்ட்ராங் இயக்குநராக இருந்த காலத்தில், 'நாட்டுப்புற மாளிகையின் அழிவு' என்னும் கண்காட்சியை நடத்தியது. இடிந்து விழும் தூண்களைப் போன்ற அமைப்பின் மீது, இல்லாமற் போன மாளிகைகளின் ஒளிப்படங்கள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குரலில் வாசிக்கப்பட்டன. பழைய படங்கள் இரங்கற்பாவின் பணியை ஆற்றிய தருணம் அது. பாதுகாப்புணர்வு வளர்வதற்கு அக்கண்காட்சி பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. சுகாதாரக் கேடென்று இடிக்கப்பட்ட குடில்களை அவ்வாறு வாசிக்க இயலாது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே இல்லை; அஞ்சலட்டைகளில் ஊர்ப்பெயர் மட்டும் அச்சாயிற்று.

ஆயினும் பெயர்கள் முற்றும் தொலைந்துவிடவில்லை. 1910ஆம் ஆண்டு நிதிச்சட்டத்தின்கீழ் 1915 வரை நடைபெற்ற நில மதிப்பீட்டின் களக்குறிப்பேடுகள் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சில பகுதிகளுக்குரியவை அழிந்துள்ளன, எஞ்சியவை ஏராளம். ஒவ்வொரு மனைக்கும் உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார், வாடகை என்ன, பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பன அவற்றில் பதிவாகியுள்ளன. அறைகளின் எண்ணிக்கையும் கட்டடத்தின் நிலையும் பல இடங்களில் உண்டு. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப் பதிவேடு 2002 முதல் பொதுப்பார்வைக்குத் திறந்துள்ளது. அதில் வீட்டில் இருந்தோரின் பெயர், வயது, தொழில் ஆகியன கிடைக்கின்றன. மனை இன்னது என்று அடையாளங்காணத்தக்க ஒரு குடிற்படத்தை எடுத்துக்கொண்டு, இவ்விரு ஏடுகளிலும் அதன் இடத்தைத் தேடிப் பிடித்தால், வாயிலில் நிற்கும் மூதாட்டி யாராக இருக்கக்கூடும் என்பதும், அவர் அந்த வாயிலுக்கு யாரிடம் வாரந்தோறும் எவ்வளவு செலுத்தினார் என்பதும், தலைக்கு மேலுள்ள கூரையைச் செப்பனிட வேண்டியவர் எவர் என்பதும் தெரியவரும்.